ஆறாம் படிவத்தின் கேள்விகள்

கந்தர்வக்கோட்டை முந்திரிக்காடுகளைத் தாண்டிப் போனால் புதுக்கோட்டை. தண்டனை பெற்ற இளைஞர்களுக்கான பார்ஸ்டல் பள்ளி அங்கே இருக்கிறது. அதற்கு வேர், 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம். தீய பழக்கம் உண்டா, கெட்ட சகவாசம் உண்டா என்று பார்த்த சட்டம் அது.

இன்றைய சிறார் நீதிச் சட்டம் இன்னும் பின்னால் போய்க் கேட்கிறது. 18 வயது நிரம்பாதவர் வழக்கில் சிக்கினால், நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களில் வர வேண்டும். அந்த அறிக்கைக்கான படிவத்தை, 2016 மாதிரி விதிகளின் ஆறாம் படிவத்தைப் படித்தால் மனசு கனத்துப்போகும். சாப்பாடு போடாமல் விட்டார்களா? இரக்கமில்லாமல் அடித்தார்களா? அடைத்து வைத்தார்களா? கூலி தராமல் வேலை வாங்கினார்களா? செய்தது பெற்றோரா, உடன்பிறந்தவரா, முதலாளியா?

கேள்விகள் சரி. கேட்கும் இடம்தான் சரியில்லை. அடிபட்டே வளர்ந்த பையன், அதட்டும் குரல் கேட்டாலே விறைத்துப்போவான். கண் தரையைவிட்டு எழாது. அதைத் 'திமிர்' என்று எழுதிவிடுவது சுலபம். எல்லாவற்றுக்கும் "இல்ல சார்" என்பான். படிவமும் நிரம்பிவிடும்.

சிறுவயதுக் காயங்கள் பெரியவரானபின் உடல்நலத்தையே பாதிப்பதை அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா ஆகியோரின் ஆய்வுக் குழு 1998இல் காட்டியது. அடிபட்ட எல்லோரும் குற்றம் செய்வதில்லை, உண்மை. ஆனாலும், மரண தண்டனை வழக்குகளில் இளமைக்கால வன்முறை, புறக்கணிப்பு பற்றிய விவரம் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது.

தூக்குமேடை வரை காத்திருப்பானேன்? நன்னடத்தை அலுவலர் பையனின் ஊருக்கே வந்து, அவன் அப்பத்தாவிடம் உட்கார்ந்து பேசட்டும். அவனை இரண்டாம் முறையும் பார்க்கட்டும். அதற்கான ஆளையும் நேரத்தையும் அரசு கொடுக்கட்டும்.