கீழ் மூன்றடி

எங்கள் வீட்டில் சோபா கிடையாது. இதைச் சொல்ல எனக்கு இன்னமும் கூச்சம்தான். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வாசற்படி தாண்டியதும் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, எங்கே உட்காருவது என்று தயங்குவார்கள். அந்த நொடியில் என் காது சுடும். அண்ணன் வீட்டு சோபாவைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமையும் வரும். அதையும் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்றால் மீதியைச் சொல்வது சுலபம்.

பாளையங்கோட்டைக்கு வெளியே நாங்கள் வாங்கியது யாரோ வாழ்ந்து முடித்த பழைய வீடு. கடனுக்கான முன்பணம், பத்திரச் செலவு, தரகர் கமிஷன் எல்லாம் போக உள்ளே போட்டு அழகு பார்க்க மிஞ்சியது சொற்பம். அந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டு நான் கண்ட கனவெல்லாம் தலைக்கு மேலேதான்: ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்திருந்து எரியும் விளக்கு, டிவிக்குப் பின்னால் மரப் பேனல். மனைவி விலை கேட்கவில்லை. "இந்த வீட்டுல யார் எங்க இருக்காங்கன்னு ஒரு நாள் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன். நடை பழகும் பையன் தரையில். பெண் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அம்மா சுவரில் சாய்ந்து கீரை ஆய்கிறாள். முழங்கால் வலிக்காரரான அப்பா மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில். எங்கள் வீட்டில் மூன்றடிக்கு மேலே குடியிருப்பது மின்விசிறியும் பல்லியும்தான். இருக்கிற பணம் முழுக்கக் கீழ் மூன்றடிக்கு என்று அன்றைக்கு முடிவானது.

முதலில் சுவர். டிஸ்டம்பர் மலிவு; ஆனால் ஈரத்துணி வைத்துத் துடைத்தால் துணியோடு வந்துவிடும். கழுவத் தாங்குகிற எமல்ஷனை வீடு முழுக்க அடிக்கக் கட்டுப்படியாகாது. பெயிண்டர் வழி சொன்னார்: "மேல டிஸ்டம்பர் போதும் சார். கீழ மூணடிக்கு டேடோ அடிச்சிருவோம், எனாமல்ல. பிள்ளைய கிறுக்குனாலும் தொடச்சிரலாம்." பழைய அரசு ஆஸ்பத்திரிகளில் இடுப்பளவுக்குப் பச்சை அடித்திருப்பார்களே, அதேதான். வீடும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். அதனால் கீழே செங்காவி, மேலே வெள்ளை, இரண்டும் சேரும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு என்று அடிக்கச் சொன்னேன். அந்தக் கோடு இல்லையென்றால் ஆஸ்பத்திரிதான். ஓதம் ஏறிய சுவரில் எனாமல் கொப்பளித்து உரியும். ஆகவே குளியலறையை ஒட்டிய சுவரை மட்டும் வெறும் சுண்ணாம்போடு விட்டோம். சாய்கிற தலைகள் பதித்துவிட்டுப் போகும் எண்ணெய்க் கறை எந்தத் தமிழ் வீட்டுச் சுவரில்தான் இல்லை? இப்போது அது சோப்புத் தண்ணீரில் போய்விடுகிறது.

ஜன்னல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஜன்னல்கள் அதற்கெல்லாம் மூத்தவை. உரிந்து நிற்கும் பழைய பெயிண்டில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உப்புத்தாளால் காயக் காயத் தேய்த்தால் தூள் தரையில் படியும். பையனின் கை தரையில் பட்டால் அடுத்தது வாயில். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற பொருள் ஈயம். பிள்ளைகளை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொன்னேன். தூளை ஈரத்துணியால் வழித்தெடுத்து, தரையைத் திரும்பத் திரும்பத் துடைத்த பிறகுதான் அவர்களைக் கூட்டிவந்தோம். கூலி கூடத்தான் ஆனது.

பீரோவைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்கியதும் பையனை நினைத்துத்தான். இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏற ஆரம்பித்திருந்தான்.

சோபாவுக்குப் பதில் கூடத்து ஜன்னலோரம் செங்கல்லில் ஒரு திண்ணை. எவ்வளவு உயரம் என்று நான் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கும்போது, கொத்தனார் செங்கல்லை அடுக்கி அப்பாவை உட்கார வைத்து எழுப்பிப் பார்த்தார். தாழ்வாக இருந்தபோது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தார். 18 அங்குலத்தில் எதையும் பிடிக்காமல் எழுந்தார். "இதான் அளவு" என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டார். மேலே சிவப்பு ஆக்சைடு கலந்த சிமென்ட் பூச்சு. அது தெரிந்த கை இப்போது ஊரில் குறைவு; இவருக்குத் தெரிந்திருந்தது. விளிம்பைக் கூராக விடாமல் உருட்டிவிடச் சொன்னேன், பையன் தடுமாறி விழுந்தால் நெற்றி அதில்தான் படும். அடியில் திறந்த மாடங்கள், விளையாட்டுச் சாமான்களை உள்ளே தள்ளிவிட. தண்ணீர் காட்டிக் காட்டிப் பதமாக்கி, காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க மினுமினுப்பு ஏறுகிறது. அப்பாவுக்குப் பொழுதுபோக்கே இப்போது அதுதான்.

திண்ணைமேல் பவானி ஜமக்காளம் விரித்திருக்கிறோம். அதே பெயரில் விசைத்தறிச் சரக்கும் விற்கிறது, விலை குறைவு. நான் கைத்தறியைத்தான் வாங்கினேன். கனம் அதிகம், துவைப்பது பெரும்பாடு; ஆனால் பிள்ளைகள் இழுத்தால் சுருண்டு வருவதில்லை.

தரைக்குப் பத்தமடைப் பாய். பத்தமடை பெயர் வாங்கியது மாப்பிள்ளை பெண் பெயர் நெய்து கொடுக்கும் மெல்லிய பட்டுப்பாய்க்கு. நமக்கு அது எட்டாது. அதே ஊரில் தடித்த கோரையில் நெய்யும் சாதாரணப் பாய் போதும். வெயில் காலத்தில் அதில் கிடைக்கும் குளிர்ச்சி எந்தக் கம்பளத்திலும் இல்லை. சோறு சிந்தினால் உதறிவிடலாம், சுருட்டிக் கதவு மூலையில் நிறுத்தினால் கூடம் முழுக்கப் பையனுக்கு ஓடுகளம். மழைக்காலத்தில் மட்டும் பூஞ்சை பிடிக்கும், வெயில் அடிக்கிற அன்றைக்கு மாடியில் போட வேண்டும்.

மேல் சுவரை வெள்ளையாக, ஒரு ஆணிகூட இல்லாமல் விடுவது என் ஆசை. அம்மா விடவில்லை. நகைக்கடை கொடுத்த தினசரி காலண்டர், லட்சுமி படத்தோடு, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் தொங்குகிறது. "ஏய்யா, ராகுகாலம் பாக்காம ஒரு வீடா?" என்றாள். சரி என்று ஆணி அடித்தேன். போன வாரம் இன்னொரு ஆணி கேட்டாள், பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டருக்கு.