பசியாறியாச்சா?

மலேசியத் தமிழர் வீடுகளில் காலையில் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். காலை உணவுக்கே இங்குப் 'பசியாறல்' என்று பெயர். தோட்டப்புறத்தில் வளர்ந்த பாட்டிமார்கள் பேசப் பேச, பட்டணத்துப் பிள்ளைகளின் நாவிலும் இச்சொல் ஒட்டிக்கொண்டது.

அந்த அடுக்குமாடி வீட்டிலும் பாட்டி தினமும் காலை ஐந்தே முக்கால் மணிக்கு இதே கேள்வியைக் கேட்பார். படிவம் நான்கில் பயிலும் அவருடைய பேத்தி, பள்ளிப் பையைத் தோளில் மாட்டியபடியே, "பசிக்கல பாட்டி" என்று சொல்லிவிட்டுக் காலணியை அணிவாள். மேசையில் இரண்டு தோசையும் தேங்காய்ச் சட்டினியும் ஆறிக்கொண்டிருக்கும். மூன்று வாரங்களாக இதே கதைதான்.

பசி இல்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில், பல நாள் கழித்துப் பார்த்த அத்தை ஒருவர், "என்னம்மா, உடம்பு போட்டுட்டியே!" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அத்தை அதை அன்றே மறந்திருப்பார். அவளால் மறக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து காலை உணவை நிறுத்தினாள். ஒரு நாளில் மூன்று வேளை உணவில் ஒன்று குறைந்தால், எடையும் குறையத்தானே வேண்டும்? கணக்கு எளிமையாகத் தெரிந்தது.

அதே வீட்டில் இன்னொருவரும் பசியாறுவதை நிறுத்தியிருந்தார். அவர் அவளுடைய அப்பா. சரக்குந்து ஓட்டுபவர். சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, சர்க்கரை அளவு எல்லையை நெருங்கிவிட்டது, எடையைக் குறைக்க வேண்டும் என்று தாதி எச்சரித்திருந்தார். அவரும் மகளைப் போலவே கணக்குப் போட்டார். வெறும் வயிற்றோடு வேலைக்குக் கிளம்பினார்.

பாட்டிக்கு இருவர் மீதும் கோபம். "காலையில பட்டினி கிடந்தா உடம்பு இளைக்காது, இன்னும் ஊதும்" என்பது அவர் வாதம். "சாப்பிடாம இருந்தா எப்படிம்மா ஊதும்?" என்பது அப்பாவின் பதில். அம்மா இருவருக்கும் நடுவில் நின்று, ஆறிப்போன தோசைகளை எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பார்.

இந்தச் சண்டைக்கு விடை தேடும் வாய்ப்பு எதிர்பாராமல் வந்தது. வீட்டில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு உண்மை என்று ஆராய்ந்து வகுப்பில் படைக்குமாறு அறிவியல் ஆசிரியர் பணித்தார். 'காலை உணவு உண்டால் எடை கட்டுக்குள் இருக்குமா?' என்று அவள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினாள்.

தேடலின் தொடக்கத்தில் பாட்டியின் கையே ஓங்கியிருந்தது. பல நாடுகளில் மக்களின் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்த ஆய்வுகள் பலவற்றில், காலை உணவைத் தவிர்ப்பவர்களிடையே உடல் பருமன் அதிகமாகக் காணப்பட்டது. அவள் முகம் வாடியது. ஆனால், ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "மழை நாளில் நிறைய பேர் குடை பிடிக்கிறார்கள். அதனால் குடைதான் மழையை வரவழைக்கிறது என்று சொல்லலாமா?"

அவளுக்குப் புரிந்தது. இரண்டு செய்திகள் சேர்ந்தே வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. காலையில் உண்ணாதவர்களில் பலர் இரவு நெடுநேரம் விழித்திருப்பவர்களாக இருக்கலாம். முறை மாற்றி வேலை செய்பவர்களாக இருக்கலாம். எடை கூடிவிட்டதே என்ற கவலையில்தான் உண்பதை நிறுத்தியவர்களாகவும் இருக்கலாம், அவளைப் போலவே.

அப்படியானால், காரணத்தை எப்படிக் கண்டறிவது? ஆட்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைக் காலையில் உண்ணச் செய்து, மற்றொரு குழுவை உண்ணாமல் இருக்கச் செய்து ஒப்பிட வேண்டும். அத்தகைய சோதனைகளும் நடந்துள்ளன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றுள் 13 சோதனைகளைத் தொகுத்து 2019-ஆம் ஆண்டு வெளியிட்டனர். காலை உணவு உண்டவர்கள், உண்ணாதவர்களைவிட ஒரு நாளில் சராசரியாக 260 கலோரி கூடுதலாக உட்கொண்டிருந்தனர். ஏறக்குறைய மூன்று துண்டு ரொட்டியில் உள்ள அளவு அது. உண்ணாதவர்களின் எடை சராசரியாக 0.44 கிலோகிராம் குறைவாக இருந்தது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகம் தலைமையேற்று நடத்தி 2014-இல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், எடை குறைக்க விரும்பிய ஏறத்தாழ 300 பெரியவர்கள் 16 வாரம் பங்கேற்றனர். காலையில் உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அவள் வெற்றிப் புன்னகையோடு பாட்டியிடம் ஓடினாள். "பாத்தீங்களா பாட்டி! சாப்பிடாட்டி ஊதாதாம்!"

பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அரை கிலோகூட குறையலையே. அதுக்கா இவ்வளவு பட்டினி?" என்றார்.

அவளிடம் பதில் இல்லை. மீண்டும் குறிப்பேட்டைத் திறந்தாள். இந்த முறை ஆய்வுகளின் முடிவை மட்டுமன்றி, யாரிடம், எத்தனை நாள் நடத்தப்பட்டன என்பதையும் படித்தாள். மோனாஷ் ஆய்வாளர்களே சில குறைகளை ஒளிவு மறைவின்றி எழுதியிருந்தனர். அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சில வாரங்களே நீடித்தவை; பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவை; பங்கேற்றவர்கள் அனைவரும் பெரியவர்கள். வளரும் வயதுப் பிள்ளைகள் காலையில் பட்டினி கிடக்கலாம் என்று அவை சொல்லவே இல்லை.

பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அவளை மேலும் சிந்திக்க வைத்தது. 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பருமனில்லாத 33 பெரியவர்கள் பங்கேற்றனர். ஒரு குழுவினர் காலை 11 மணிக்குள் குறைந்தது 700 கலோரி உண்டனர். மற்றவர்கள் நண்பகல்வரை எதுவும் உண்ணவில்லை. ஆறு வாரம் கழித்தும் எடையில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. உண்டவர்கள் கூடுதலாக உட்கொண்டார்கள். ஆனால், உடலை அசைத்துச் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். உண்ணாதவர்கள் குறைவாக உட்கொண்டார்கள். தம்மை அறியாமலே குறைவாக அசைந்தார்கள். வரவு குறைந்ததும் உடல் செலவையும் குறைத்துக்கொண்டது!

காலையில் உண்மையிலேயே பசிக்காமல் இருப்பது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. இரைப்பை 'கிரெலின்' என்னும் ஒரு சுரப்பைச் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த இது, மூளையிடம் "பசிக்கிறது" என்று சொல்லும் தூதுவன். நாம் வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்கும்போது இதன் அளவு கூடும், உண்டதும் குறையும். பள்ளிக்கூட மணியைப் போல, பழகிய நேரத்தில் இது ஒலிக்கும். உண்ணும் நேரத்தை மாற்றினால், பசிக்கும் நேரமும் மெல்ல மெல்ல மாறும். ஐந்தே முக்கால் மணிக்கு அடித்துக்கொண்டிருந்த அவளுடைய மணி இப்போது வேறெப்போதோ அடித்துக்கொண்டிருந்தது.

எப்போது அடிக்கிறது? அதைக் கண்டறிய ஒரு வாரம் தான் உண்டதையெல்லாம் மணி குறித்து எழுதத் தொடங்கினாள். பொய் எழுதக்கூடாது என்பது அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

வார இறுதியில் அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. காலை 10.20, ஓய்வு நேரம்: மீ கோரிங், பொரித்த கோழி, சிவப்புச் சர்பத். பிற்பகல் 3.00: சோறு, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டது. மாலை: தூக்கம். இரவு 10.30, துணைப்பாட வகுப்பு முடிந்த பின்: உடனடி மீ, பிஸ்கட். காலை உணவு என்ற கட்டம் மட்டும் ஏழு நாளும் காலியாக இருந்தது. மற்றக் கட்டங்கள் நிரம்பி வழிந்தன.

"அப்பா, நீங்களும் எழுதித் தாங்களேன்" என்று கேட்டாள். அப்பா முதலில் சிரித்தார். பிறகு ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். காலை 9.30, சாலையோர உணவகம்: ரொட்டி சானாய் இரண்டு, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் ஒரு பெரிய குவளை. 11.00: கறிபாப் மூன்று, இன்னொரு தே தாரிக்.

இருவரும் தாள்களை மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

"நாம பசியாறுறத நிறுத்தலப்பா. வீட்டுல பசியாறுறததான் நிறுத்தியிருக்கோம்" என்றாள் அவள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி மெல்லப் பேசத் தொடங்கினார். தோட்டத்தில் இருந்தபோது அவரும் விடியற்காலையில் உண்டதில்லையாம். இருட்டோடு எழுந்து, கறுப்புக் காப்பி குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மரம் சீவினால்தான் பால் நன்றாக வடியும். நிரை முழுவதையும் சீவி முடித்து, மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். பழைய சோறும் கருவாட்டுச் சம்பலும் இருக்கும். அதுதான் பசியாறல்.

"அப்ப நீங்களும் ஒன்பது மணிக்குத்தான் சாப்பிட்டீங்களா பாட்டி?" அவள் வியந்தாள்.

"ஆமாம்மா. ஆனா, நாலு மணி நேரம் நடந்து, குனிஞ்சு நிமிர்ந்து வேல செஞ்சுட்டுச் சாப்பிட்டோம். எல்லா நாளும் சட்டியில சோறு இருக்கும்னும் சொல்ல முடியாது. மாசக் கடைசியில வெறுங்காப்பியோடயே பொழுது போயிடும். இருக்குற சோத்த நீ வேணாம்னு தள்ளுறப்ப, எனக்கு அந்த நாளுங்கதான் ஞாபகத்துக்கு வருது."

பாட்டியின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. திருமண வீட்டில் அத்தை சொன்னதை அன்றிரவு முதன்முறையாகப் பாட்டியிடம் சொன்னாள். பாட்டி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மறுவாரம் அப்பாவுக்குச் சுகாதார நிலையத்தில் தவணை. அவளும் உடன் சென்றாள். அவளுடைய உயரத்தையும் எடையையும் அளந்து பார்த்த தாதி, அவள் வயதுக்கு அது சரியான அளவே என்றார். வளரும் வயதில் உணவைக் குறைத்தால், எலும்புக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தும் இரத்தத்துக்குத் தேவையான இரும்புச் சத்தும் சேர்ந்தே குறையும் என்றும், எடையைப் பற்றிக் கவலை வந்தால் தானாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்றும் விளக்கினார். பின்னர், சுவரில் ஒட்டியிருந்த உணவுத் தட்டின் படத்தை அப்பாவிடம் காட்டினார். தட்டில் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை, அரைப் பங்கு காய்கறியும் பழமும். மலேசியச் சுகாதார அமைச்சு வலியுறுத்தும் 'சுக்கு-சுக்கு செபாரோ' முறை அது.

வகுப்பில் படைக்கும் நாள் வந்தது. அவள் கடைசியாக ஓர் ஆய்வைச் சேர்த்திருந்தாள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டது. அதிக எடை கொண்ட 30 பேர் நான்கு வாரம் காலையில் மிகுதியாகவும், நான்கு வாரம் இரவில் மிகுதியாகவும் உண்டனர். நாள் முழுவதற்குமான கலோரி மட்டும் ஒரே அளவு. இரண்டு முறையிலும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால், காலையில் மிகுதியாக உண்ட நாள்களில் அவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது.

"ஆகவே, காலை உணவு எடையைக் குறைக்கும் மருந்து அன்று, அதைத் தவிர்ப்பதும் மருந்து அன்று" என்று அவள் முடித்தாள். "எடையை முடிவு செய்வது ஒரு வேளை உணவு மட்டுமல்ல, முழு நாளும்தான். ஒரு வேளையைக் கைவிட்டால், அந்த இடத்தில் எது வந்து உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். முட்டையும் பருப்பும் காய்கறியும் கொண்ட காலை உணவு பசியை நெடுநேரம் அடக்கும். இனிப்புத் தண்ணீரும் வெள்ளை ரொட்டியும் அப்படி அடக்காது."

"உங்கள் வீட்டில் யார் வென்றார்கள்?" என்று ஆசிரியர் கேட்டார்.

அவள் சற்று யோசித்தாள். "பாட்டி சொன்ன காரணம் தவறு, ஐயா. ஆனால், பாட்டி கேட்ட கேள்வி சரி" என்றாள்.

இப்போது அந்த வீட்டுச் சமையலறையில் காலை ஐந்தே முக்கால் மணிக்கு இரண்டு உணவு டப்பாக்கள் தயாராகின்றன. அப்பாவின் டப்பாவில் சப்பாத்தியும் பருப்பும் இருக்கும். உணவகத்தில் நின்றாலும் அவர் இப்போது சர்க்கரையும் பாலும் சேர்க்காத 'தே ஓ கோசோங்' மட்டுமே வாங்குகிறார். பேத்தி அரைக் குவளைப் பாலும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, தோசையையும் அவித்த முட்டையையும் ஓய்வு நேரத்துக்கு எடுத்துச் செல்கிறாள். எடை எவ்வளவு குறைந்தது என்று அவள் குறிப்பேட்டில் எழுதவில்லை. மாலையில் தூக்கம் வருவதில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

"பசியாறியாச்சாம்மா?" என்று பாட்டி கேட்கிறார்.

"பாதி ஆறியாச்சு பாட்டி. மீதி பையில இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே அவள் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள்.