பொலிப்பாட்டும் 7 எம்பியும்

தம்பலகாமத்து வயல்களில் இப்போது மெசின்தான் வெட்டுகிறது. நெல்லையும் அதுவே பிரித்துத் தந்துவிடுகிறது. அப்பப்பா காலத்தில் அரிவி வெட்டி, சூடு வைத்து, களவெட்டியில் மாடுகளைச் சுற்றவிட்டு இரவிரவாக மிதிப்பார்கள். நித்திரை வராமலிருக்கப் பொலிப்பாட்டு. அப்பா ஒருமுறை அப்பப்பா பாடியதைக் கசெற்றில் பிடித்துவைத்தார். 30 நிமிடம்.

பல வருடம் கழித்து ஓடாசிற்றியில் அதைக் கணினிக்கு ஏற்றினேன். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். ஒற்றைத் தடத்தில் வேவ் கோப்பு 159 எம்பி வந்தது. வெளிநாட்டிலிருந்த தம்பிக்குப் போனில் அனுப்ப அது பெரிசு. எம்பி3 ஆக்கி, நொடிக்கு 32 கிலோபிட்டுக்கு இறக்கினேன். 7 எம்பி! பெருமையோடு வேவ் கோப்பை அழித்தேன். ஹாட்டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில் ஏற்றியது ஒரு சினிமாப் படம்.

கசெற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நாடாவை உருவி, குருவி விரட்ட வயலில் கட்டினார்கள். காற்றுக்கு மினுங்கி இரைந்தது. நானும் பார்த்துச் சிரித்தேன்.

போன வருடம் அந்த எம்பி3ஐ நல்ல ஸ்பீக்கரில் போட்டோம். அம்மா கொஞ்சநேரம் கேட்டுவிட்டுச் சொன்னா: "மாமாட குரல்தான் மகன். ஆனா தண்ணிக்குள்ள நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கு. மாட்டுச் சத்தம் எங்க?"

எம்பி3 அப்படித்தான் சிறுக்கிறது. உரத்த ஒலிக்கு அடியில் கிடக்கும் மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்டுத் தள்ளிவிடும். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு தள்ளும். அப்பப்பாவின் குரலுக்கு அடியில் கிடந்தது வைக்கோலில் மாடு மிதிக்கும் சரசரப்பு.

அன்றிரவு எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஒரே வரி அடித்து அந்த எம்பி3ஐ ஃபிளாக் ஆக்கினேன். கோப்பு பல மடங்கு பெருத்தது. திரும்பி வந்துவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினேன், வெட்கமில்லாமல். ஃபிளாக், கொடுத்ததில் ஒரு பிட்டும் சிந்தாமல் மடித்து வைக்கும். வேவை ஏறக்குறைய பாதியாக்கும். நான் கொடுத்ததோ ஏற்கெனவே சிந்தியது.

அப்பாவின் பெட்டியில் இன்னொரு கசெற் கிடந்தது. அதை நேரே ஃபிளாக்கில் எடுத்து, இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். அதில் பாட்டு இல்லை. அப்பப்பா மாட்டை அதட்டுகிறார், தேத்தண்ணி கேட்கிறார், வெற்றிலை துப்புகிறார். பின்னால் வைக்கோல் சரசரக்கிறது.