ராமேஸ்வரம் மணலில் ஒரு சிவப்பு வேர்

பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போகிறவர்கள் கண்ணில் கடலும் கோபுரமும்தான் படும். மணலோடு மணலாகக் கிடக்கும் ஒரு குட்டிச் செடியை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? ஒல்லி இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. சித்த வைத்தியர்களுக்கு இது இம்பூறல். துணிக்குச் சாயம் போட்டவர்களுக்கு சாயவேர்.

விஷயமெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது. நூல் மாதிரி நீளமாக இறங்கும் அந்த வேரில்தான் சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்பு இருந்தது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து, படிகாரம் தடவி, பிறகு சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் நிறம் போகாது. இந்த ரகசியத்தை அறிய ஐரோப்பியர்கள் தவித்தார்கள். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-லேயே செய்முறையை விவரமாகக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டார். எதிர்க்கரையில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதி வேரை டச்சுக்காரர்கள் தங்கள் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தார்கள். தோட்டத்தில் பயிரிட்டதைவிட, மணலில் தானாக முளைத்த வேருக்கே மதிப்பு.

1869-க்குப் பிறகு எல்லாம் மாறியது. வேரில் இருக்கும் அதே அலிசரினை ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஆலையில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். மணலைத் தோண்டி வேர் எடுப்பவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

செடியை மறக்காதவர்கள் வைத்தியர்கள் மட்டுமே. நாள்பட்ட இருமல், இரைப்பு, சளியோடு ரத்தம் வருவது ஆகியவற்றுக்கு இம்பூறல் என்பது சித்த மருத்துவத்தில் பழைய வழக்கம். வேரைக் கஷாயம் வைப்பார்கள். இலையை அரைத்து அரிசி மாவில் கலந்து அடையாகத் தட்டித் தருவதும் உண்டு; மருந்து என்று சொன்னால் முகம் சுளிக்கும் குழந்தைகூட அடையைத் தின்றுவிடும்! இம்பூறல் மாத்திரை இன்றும் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

ஆனால் ஒன்று. இருமலில் ரத்தம் தெரிந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. அது காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வைத்தியரின் மருந்து, அந்தப் பரிசோதனைக்குப் பிறகு, டாக்டருக்கும் தெரிந்தே இருக்கட்டும்.

நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வேராக வாங்குகிறவர்கள் ஒரு துண்டை நசுக்கி, சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாயவேராக இருந்தால் தண்ணீர் சிவக்கும்.