அட்டையில்லா இல்லங்கள்

மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுத்தார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அவை. நம் காலத்தில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துள்ளது. அதுவே காப்பீட்டு அட்டை.

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2018இல் அது நடுவண் அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக 2022இல் உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிட்டும் இத்திட்டத்திற்கு, ஏழைக் குடும்பத்தார் ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை.

அவ்வாறாயின், நம் தெருக்களில் அட்டையில்லா இல்லங்கள் இன்னும் இருப்பது ஏன்?

முதல் தடை பெயர். குடும்ப அட்டையில் 'முகமது' என்றிருப்பவர் ஆதாரில் 'முஹம்மது' ஆகிறார். ஒன்றில் 'பீவி' எனப்பட்ட அன்னை மற்றொன்றில் 'பேகம்' ஆகிறார். தமிழ் பயிலும் நமக்கு இஃது எழுத்து மரபு பற்றிய செய்தி. கணினிக்கோ இவர்கள் இருவேறு மனிதர்கள்.

அடுத்தது வருமானச் சான்று. பீடி சுற்றுவோர்க்கும் தெருவணிகர்க்கும் நிலையான ஊதியம் ஏது? வளைகுடாவிலிருந்து ஒரு மாதம் பணம் வரும். மூன்று மாதம் வாராது. எதனை வருமானமென எழுதுவது? சான்றுக்கு ஒரு நாள், பதிவுக்கு மாவட்டத் தலைநகர் செல்ல ஒரு நாள் எனக் கூலியும் போகிறது. நம் தெருவில் தையற்பொறியை நம்பி வாழும் தாய் ஒருவருக்கு இதய அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட பின்னரே அட்டையின் நினைவு வந்தது. அட்டை கைக்கு வருமுன் காதணி அடகுக்குப் போயிற்று, அறுவையும் தள்ளிப்போயிற்று.

மூன்றாம் தடை நம் உள்ளத்தில் உள்ளது. காப்பீடு மார்க்கத்திற்கு ஆகுமா என்னும் ஐயம் மதிக்கத்தக்கதே. வட்டி கலந்த வணிகக் காப்பீட்டை மார்க்க அறிஞர் பலர் விலக்கியுள்ளனர். ஆனால் இங்கு நாம் பணம் கட்டிப் பணம் பெறுவதில்லை. அரசு தன் குடிமக்களுக்குச் செய்யும் உதவியாகவே இது நம்மை வந்தடைகிறது. ஐயமுள்ளோர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிதல் நன்று; கேளாமலே ஒதுங்குதல் நன்றன்று. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டுமென்று வழிகாட்டிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம்.

எனவே, ஜமாஅத் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசையும் இரு நாற்காலிகளும் தாருங்கள். நம் மாணவர்கள் அமர்ந்து ஒவ்வொரு குடும்பத்தின் ஆவணங்களையும் ஒப்புநோக்குவர். பெயர்ப் பிழைகளைக் குறித்துத் தருவர். விண்ணப்பங்களையும் எழுதித் தருவர். நோய் வந்தபின் ஓடுவதினும் நலமாயிருக்கும்போதே ஓர் எழுத்தைத் திருத்துவது எளிது. தமிழ் படித்தவர் தம் தெருவுக்குச் செய்யக்கூடிய பணியும் அதுவே.