மாகஸ்தோட்டை மேடும் ஒரு மோட்டார் சைக்கிளும்

போலந்து நாட்டு வீரர் பார்டோஸ் ஸ்மார்ஸ்லிக் 2025இல் ஆறாவது முறையாக ஸ்பீட்வே உலகப் பட்டத்தை வென்றார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நுவரெலியாவின் ஞாபகம் வந்தது. ஸ்பீட்வே நம்மவர்கள் அதிகம் அறியாத பந்தயம். 500 சிசி மோட்டார் சைக்கிளில் ஒரே கியர்தான், பிரேக் கிடையாது. மண் தடத்தில் நால்வர் நான்கு சுற்று ஓடுவார்கள். வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அங்கே சிறுவயதிலேயே பையன்களைச் சேர்த்துப் பழக்குவதற்குக் கழகங்கள் இருக்கின்றன.

எங்கள் மலைநாட்டில் இருப்பது வேறு பந்தயம். மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. இலங்கையின் மிகப் பழைய மோட்டார் பந்தயம் அதுதான். தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ஒடுங்கிய தார்ப் பாதையில் ஒவ்வொரு வண்டியாக அனுப்புவார்கள். பக்கத்தில் எதிராளி இல்லை, கடிகாரம் மட்டுமே எதிரி. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கொழும்பு முழுவதும் நுவரெலியாவுக்கு ஏறி வரும் நாட்களில் இது நடக்கும். லயத்துப் பிள்ளைகள் கொழுந்து மலையில் ஏறி நின்று பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான். பிறகு கையில் குறிப்புப் புத்தகத்தோடு, பத்திரிகைக்காரனாக, பாதையோரத்தில் நின்றேன்.

அங்கேதான் அவனைக் கண்டேன். பெயர் வேண்டாம். நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயின் மகன், கராஜில் கையாள். கொழும்பிலிருந்து வரும் வண்டிகள் நுவரெலியாவில் திக்கித் திணறும். கடல்மட்டத்துக்கு ஏற்றபடி சரிசெய்த கார்புரேட்டர், ஆறாயிரம் அடி உயரத்தின் மெல்லிய காற்றுக்குப் பெற்றோலை அதிகமாக ஊட்டிவிடும். அவன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பான். கரிபிடித்துக் கறுத்திருந்தால் ஜெட்டை மாற்றிச் சிறியது போடுவான். மறுபடி ஓடச் சொல்லி, மறுபடி கழற்றுவான். நுனி மண்ணிறத்துக்கு வந்தால்தான் கையைத் துடைப்பான். எனக்குத் தெரிந்து எந்தப் புத்தகத்தையும் அவன் படித்ததில்லை.

ஓராண்டு, போட்டிக்கு முந்திய மாலை, ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியை அவனிடமே கொடுத்து, "நீயே மேலே போய்ப் பார்த்து வா" என்றார். அவன் தலைக்கவசத்தை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டான். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு கிளட்ச் விடுதலை நான் அங்கே அதிகம் கண்டதில்லை. முன்சக்கரம் எழும்பவுமில்லை, பின்சக்கரம் சுழன்று வீணாகவுமில்லை. மேலிருந்து ஒருவர் துவாயை அசைத்தபோது முள்ளைப் பார்த்தேன். மறுநாள் வென்றவரின் நேரத்துக்கும் அதற்கும் இரண்டு விநாடிதான் வித்தியாசம். என் கைக்கடிகாரத்தை நம்பி எவரும் சாதனை எழுதமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

இறங்கி வந்து, "எத்தனைண்ணே?" என்று கேட்டான். சொன்னேன்.

"ரெண்டாவது வளைவுல பயந்துட்டேண்ணே. இன்னும் கொறைக்கலாம்."

அவன் ஒருபோதும் போட்டியில் ஓடவில்லை. வண்டி, தோல் உடுப்பு, டயர், நுழைவுக் கட்டணம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொடுவதற்கே பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 ஆக வேண்டியிருந்தது. அவன் தாய் பெரட்டுக்குப் போன காலத்துச் சம்பளத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே பாவம். போட்டி நாட்களில் அவன் வளைவில் கொடி பிடித்து நின்றான். பிறகு கட்டாருக்குப் போனான். திரும்பி வந்து ஹட்டனில் சிறிய கராஜ் போட்டிருக்கிறான்.

2024 ஏப்ரல் 21 அன்று, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடந்த அந்தப் போட்டியில், கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஒரு சிறுமியும், தடத்தில் பணிபுரிந்த உதவியாளர் நால்வரும் அவர்களுள் அடக்கம். அன்றிரவு அவன் தொலைபேசியில் அழைத்தான். நெடுநேரம் பேசவில்லை. "கொடி புடிக்கிற எடத்துலதாண்ணே நானும் நிப்பேன்" என்றான். பிறகு, எதிர்பாராத வகையில், "அன்னைக்கி என் நேரம் எத்தனைன்னு சொன்னீங்க? மகன் கேக்குறான்" என்றான்.

தேடிச் சொல்வதாகக் கூறினேன். பழைய குறிப்புப் புத்தகங்களை நான் எறிவதில்லை. மறுநாள் பரணிலிருந்து அந்த ஆண்டின் புத்தகம் கிடைத்தது. முதல் மூன்று இடங்கள், வண்டிகளின் பெயர்கள், வகுப்பு வாரியாக நேரங்கள், பரிசு வழங்கியவரின் பதவி எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. முந்திய மாலைக்கென்று ஒரு வரியும் இல்லை. நினைவிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லலாமா என்று யோசித்தேன். இன்னும் அவனை அழைக்கவில்லை.