மணல் ஒரு மேல்பூச்சு

ஜெய்சல்மேர் போகிறவர்கள் பெரும்பாலும் சாம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறி, சூரியன் மறைவதைப் படமெடுத்துக்கொண்டு, பாலைவனம் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அங்குள்ள பாலைவன தேசியப் பூங்காவின் 3,162 சதுர கிலோமீட்டரில் மணல்மேடுகள் ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் சரளை வெளி, பாறைத்தளம், காய்ந்த உப்புத் தரவை. மணல் அங்கே வெறும் மேல்பூச்சு. மரமும் ஆடும் மனிதரும் பிழைத்திருப்பது அதற்கு அடியில் இருப்பதை நம்பித்தான்.

அடியில் இருப்பதைப் பார்க்க நல்ல இடம் ஆகல். நகரத்திலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர். மொட்டைக் குன்றின்மேல் ஆங்காங்கே கம்பிக்கூண்டு, மேலே தகரக் கூரை. உள்ளே கிடப்பவை மரங்கள். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், ஈரமும் வெக்கையுமான காட்டில் நின்றவை. ஆற்று மணலில் புதைந்து, நார் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டன. பெரிய அடிமரம் ஒன்று 13 மீட்டருக்கு மேல் நீளம். நம் விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரைக் கல்மரங்களுக்கு வயது சுமார் 2 கோடிதான். இவற்றுக்கு அவை கொள்ளுப்பேரப் பிள்ளைகள்.

பிறகு, காடு இருந்த இடத்துக்குக் கடல் வந்தது. ஜெய்சல்மேர் கோட்டையைக் கட்டிய மஞ்சள் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலடியில் படிந்தது. ஹாபூர் என்ற ஊரின் கல்லில் சிப்பித் துணுக்குகள் அப்பிக் கிடக்கின்றன. அதில் குடைந்த கிண்ணத்தில் பாலை ஊற்றினால் உறைமோர் இல்லாமலே தயிராகும் என்கிறார்கள் கடைக்காரர்கள். நானும் ஒன்று வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் இன்னும் உறை ஊற்றித்தான் தயிர்.

பூங்காவுக்குள் ஜீப் ஓட்டிய பெரியவர் செடியைப் பார்த்தே தரையைச் சொல்லிவிடுவார். பாறை தலைகாட்டும் இடத்தில் தோர் என்கிற கள்ளி. உப்பு பூத்த பள்ளத்தில் லாணா. மணல்மேட்டில் போக்: இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, பச்சைத் தண்டே வெயிலை வாங்கிச் சமைத்துக்கொள்கிறது. ஓடும் மணலை வேரால் கட்டி நிறுத்துவது இதுதான். அதன் மொட்டைத் தயிரில் போட்டுப் பச்சடி செய்வார்கள். வேரைத் தோண்டிக் கரி சுட்டதில் பல இடங்களில் அது அருகிவிட்டது. பூங்காவின் சுதாசரிப் பகுதிச் சமவெளியில் குத்துக்குத்தாக சேவண் புல். என்னோடு வந்தவர்கள் அங்கே கானமயிலைத் தேடித் தொலைநோக்கியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் புல்லே போதுமானதாக இருந்தது. ஒரு மழை கண்டால் காய்ந்த தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும், வருடக்கணக்கில் சாகாது.

பிறகு கேஜ்ரி. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் நம் வன்னிதான் அது. மற்றவை வாடும் கோடையில் புதுத் தழை விடுகிறது, ஏனென்றால் அதன் ஆணிவேர் மிக ஆழத்து ஈரத்தைத் தொட்டுவிடுகிறது. இளங்காயைப் பறித்துக் காயவைத்தால் சாங்ரி. கேர் பழத்தோடு சேர்த்து எண்ணெயில் வதக்கி, கம்பு ரொட்டியோடு தந்தார்கள். விடுதிகளில் விருந்துப் பண்டமாக விற்கும் இது, பஞ்சகாலத்தில் உயிர் காத்த சாப்பாடு.

மழை ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடத் தேறாத ஊரில் குடிநீர் எங்கிருந்து? அதற்கும் பதில் மணலுக்கு அடியில்தான். சில இடங்களில் சற்று ஆழத்தில் ஜிப்சம் படலம் ஓடுகிறது. மழையீரம் அதைத் தாண்டிக் கீழே உள்ள உப்புநீரில் கலக்காமல் மேலேயே தங்குகிறது. அந்த இடத்தில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒடுக்கமாகத் தோண்டிய பேரி என்ற கிணற்றில், கசிந்து சேரும் நல்ல தண்ணீரை இறைத்துக்கொள்கிறார்கள். நீர் இறங்காத இதே மாதிரி அடித்தளம்தான் இந்திரா காந்தி கால்வாய்ப் பாசனத்தில் வேறு வேலை செய்தது. பாய்ந்த தண்ணீர் இறங்க வழியில்லாமல் பல இடங்களில் தேங்கி, உப்பை மேலே கொண்டுவந்து வயலைக் கெடுத்தது. உழவு வந்த இடங்களில் சேவணும் போயிற்று.

இதைச் சொல்லி நான் வருத்தப்பட்டபோது பெரியவர் சிரித்தார். கால்வாய்த் தண்ணீர் குழாயில் வந்த பிறகுதான் அவர் வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து பேரி ஊறக் காத்துக்கிடப்பது நின்றதாம்.